பழைய லேப்டாப்பைக் கழித்துவிடத்தான் வேண்டுமா?



விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொண்டோருக்கு மட்டும் ஓராண்டு தவணை கொடுத்தது. "இனி விண்டோஸ் 11 தான், உங்கள் லேப்டாப் அதற்கு ஆகாது, புதிது வாங்குங்கள்" என்று சொல்லிவிடுவது விற்பவருக்கு எளிது. சிறு கடைக்காரருக்கு அந்தத் தொகை ஒரு பண்டிகைச் சரக்கின் முதல்.

ஏன் ஆகாது? விண்டோஸ் 11க்கு 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி இடமும் இருந்தால் மட்டும் போதாது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 2017இல் வரத் தொடங்கிய எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். இதனால் நன்றாக ஓடும் இயந்திரமும் தள்ளுபடியாகிறது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்பாரும் உண்டு. அப்படி ஏற்றினால் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை என அந்நிறுவனமே கூறியுள்ளது. ஜி.எஸ்.டி. கடவுச்சொல்லும் வங்கிக் கணக்கும் புழங்கும் இடத்தில் இந்த விளையாட்டு வேண்டாம்.

நேர்வழி ஒன்று உண்டு, அது லினக்ஸ். நம் நாட்டுக்கு இது புதிதல்ல. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், 2011இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. இன்று கிடைக்கும் லினக்ஸ் மின்ட் 2 ஜிபி நினைவகத்திலும் ஓடும்; 4 ஜிபி இருந்தால் சிரமமில்லை. காசும் கிடையாது. பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் வேகமும் கூடும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இறங்கக் கூடாது. டாலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. டாலியை நம்பியிருப்போர் அதற்கென ஒரு விண்டோஸ் 11 இயந்திரம் வைத்தே ஆக வேண்டும். ஜி.எஸ்.டி. தளம், வங்கி வேலை, விலைப்பட்டியல் ஆகியவற்றுக்குப் பழையது போதும். லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பில் பிரிண்டரும் வைஃபையும் வேலை செய்தால் மட்டும் ஏற்றுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் கணக்கைக் காப்பாற்றுங்கள். ஆண்டு அறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். டிஸ்க்கைத் துடைத்தபின் வருந்திப் பயனில்லை. கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று என இரண்டு நகல் எடுத்து, வேறு இயந்திரத்தில் திறந்து பார்த்த பிறகே கை வையுங்கள்.

தனிக் கடைக்காரர் இதைத் தாமே செய்வது கடினம் என்பதை அறிவோம். ஆகவே கொற்கை, ஏரல், ஸ்ரீவைகுண்டம் தொடங்கித் திருநெல்வேலி வரை ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் பாலிடெக்னிக் மாணவர்களைக் கொண்டு ஒரு விடுமுறை நாளில் முகாம் நடத்த வேண்டுகிறோம். தாமிரபரணியின் வண்டல் படிந்து கொற்கையை விட்டுக் கடல் விலகியபோது வாணிபம் காயலுக்குப் போயிற்று. துறைதான் மாறியது, தொழில் நிற்கவில்லை. நாமும் மாறுவோம், முதலை இழக்காமல் மாறுவோம்.