பட்டம் தவறிவிட்டு விதையைக் குறை சொல்லாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள். முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள், நான் எங்கேயும் போய்விட மாட்டேன்.

நவம்பர் 21-ஆம் தேதி துபாய் விமானக் கண்காட்சியில் நம் தேஜஸ் போர்விமானம் விழுந்து விமானி இறந்துபோனார். அவர் உடல் முதலில் நம்ம சூலூருக்கு வந்து, அங்கிருந்துதான் இமாசலப் பிரதேசத்துச் சொந்த ஊருக்குப் போனது. அது ஊர் போய்ச் சேர்வதற்குள் நம் குடும்பக் குழுவில் கேலிப் படங்கள் வந்துவிட்டன. "நாற்பது வருசமா தட்டுன தகர டப்பா" என்று ஒன்று. ஷார்ஜாவில் இருக்கும் மருமகன், "மாமா, இந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு அமெரிக்காகாரன் தர்றேங்கிற எஃப்-35-ஐ வாங்கிட்டா பிரச்சினை முடிஞ்சிருச்சு" என்று எழுதியிருந்தார். அதற்கு என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த நாலைந்து பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள்.

இன்னொரு பக்கம், "தேஜஸைக் குறை சொல்பவன் தேசத் துரோகி, உலகமே நம்மைப் பார்த்து நடுங்குகிறது" என்று ஒரு கோஷ்டி.

இரண்டு கோஷ்டியும் கணக்குப் போடவில்லை. கணக்கு வாத்தியாருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

முதலில் டப்பா கணக்கைப் பார்ப்போம்.

தேஜஸ் முதன்முதலில் பறந்தது 2001 ஜனவரி 4. முதல் விபத்து 2024 மார்ச்சில், ஜெய்சல்மர் அருகே. அதில் விமானி பாராசூட்டில் தப்பித்தார். 23 வருசம் ஒரு விமானம்கூட விழவில்லை. துபாயில் விழுந்தது இரண்டாவது. காரணம் விசாரணையில் தெரியும், அதற்கு முன்னால் தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

ரஷ்யாவிலிருந்து வந்த மிக் ரக விமானங்கள் 872. அவற்றில் பாதிக்கு மேல் விபத்தில் போயின, 171 விமானிகள் இறந்தார்கள் என்று 2012-ல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்திலேயே சொன்னார். அந்த மிக்-21-ஐ 1963-ல் சேர்த்தோம். சண்டிகரில் கடைசி மரியாதை செய்து அனுப்பியது 2025 செப்டம்பர் 26-ல். 62 வருசம். நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் வந்த விமானம், நான் ஓய்வு பெற்ற பிறகும் பறந்துகொண்டிருந்தது.

ஜாகுவார் 1979-ல் வந்தது. பிரிட்டன், பிரான்ஸ், ஓமன் எல்லாரும் எப்போதோ அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அவர்கள் கழித்துப் போட்டதிலிருந்து நாம் உதிரி பாகம் எடுத்து ஓட்டுகிறோம். 2025 என்ற ஒரே வருசத்தில் மார்ச், ஏப்ரல், ஜூலை என மூன்று ஜாகுவார் விழுந்தன, மூன்று விமானிகள் போய்விட்டார்கள். அதற்கு எத்தனை பேர் கேலிப் படம் போட்டீர்கள்? ஒருவரும் இல்லை. வெளிநாட்டுச் சாமான் விழுந்தால் விதி, நம் சாமான் விழுந்தால் டப்பா. நல்ல நியாயம்.

அடுத்து, பணக் கணக்கு. நோட்டை எடுத்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.

விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட ஸ்குவாட்ரன் 42. மிக்-21 போன பிறகு மிச்சம் 29. குறைவு 13. ஒரு ஸ்குவாட்ரனுக்கு 18 விமானம் என்று வையுங்கள். 234 விமானம் வேண்டும்.

2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு மொத்தம் 6.81 லட்சம் கோடி. பெரிய தொகைதான். ஆனால் ஓய்வூதியமே 1.60 லட்சம் கோடி. சம்பளம், சாப்பாடு, டீசல் போக, புதிதாக வாங்கவும் கட்டவும் 1.80 லட்சம் கோடி. அதிலும் விமானத்துக்கும் விமான என்ஜினுக்கும் என்று ஒதுக்கியது, மூன்று படைக்கும் சேர்த்து, 48,614 கோடி.

இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும்? 2025-லேயே இரண்டு ஒப்பந்தம் போட்டார்கள். ஏப்ரலில் கடற்படைக்கு 26 ரஃபேல், ஏறத்தாழ 63,000 கோடி. செப்டம்பரில் விமானப்படைக்கு 97 தேஜஸ் மார்க்-1ஏ, 62,370 கோடி. தொகை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு கையில் 26, இன்னொரு கையில் 97. வகுத்தால் அது ஒன்றுக்குச் சுமார் 2,400 கோடி, இது ஒன்றுக்குச் சுமார் 640 கோடி.

"சார், ஆப்பிளையும் நெல்லிக்காயையும் ஒப்பிடுறீங்க" என்று ஒருவன் எழுதுவான், எனக்குத் தெரியும். சரிதான். ரஃபேலுக்கு இரண்டு என்ஜின், கப்பலில் இறங்கும், தூரம் போகும், ஆயுதமும் பயிற்சியும் அந்த விலையில் சேர்த்தி. அதனால் விலையைப் பாதியாகவே குறைத்துப் போடு. 234 விமானத்துக்கு 2.8 லட்சம் கோடி ஆகிறது. மூன்று படைகளின் விமானச் செலவு முழுவதையும் கிட்டத்தட்ட ஆறு வருசம் இதற்கே கொட்ட வேண்டும். ஹெலிகாப்டர் கிடையாது, சரக்கு விமானம் கிடையாது, கடற்படைக்கு ஒன்றும் கிடையாது. தேஜஸ் விலையில் போட்டால் 1.5 லட்சம் கோடி. இதுவும் லேசான சுமை இல்லை, ஆனால் சுமக்கலாம்.

எஃப்-35 கேட்கும் மருமகனுக்கு ஒரு வார்த்தை. 2025 ஜூன் 14-ல் பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35 ஒன்று நம் பக்கத்துத் திருவனந்தபுரத்தில் அவசரமாக இறங்கியது. இறங்கிய பிறகு ஹைட்ராலிக் கோளாறு. இங்கிலாந்திலிருந்து ஆள் வந்து, சாமான் வந்து, அது திரும்பிப் போனது ஜூலை 22. ஐந்து வாரத்துக்கு மேல் இங்கேயே நின்றது. கேரள சுற்றுலாத் துறை அதை வைத்து விளம்பரமே போட்டுவிட்டது. விமானம் மோசம் என்று நான் சொல்லவில்லை. உலகத்தின் சிறந்த விமானங்களில் ஒன்று. ஆனால் அதைத் திறந்து பார்க்கும் உரிமை வாங்கியவனுக்கு இல்லை என்றால் அது உன் விமானமா? துருக்கி அந்தத் திட்டத்தில் கூட்டாளியாகவே இருந்தது. ரஷ்யாவிடம் எஸ்-400 வாங்கியது என்று 2019-ல் வெளியே தள்ளினார்கள். நம்மிடமும் எஸ்-400 இருக்கிறது. மருமகனே, மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். நாலு மெஷின் நாலு கம்பெனியில் வாங்கிப் போட்டவன் நாலு மெக்கானிக், நாலு பெட்டி உதிரி பாகம் வைத்துக்கொண்டு அல்லாடுவான். மெஷினின் விலை வாங்கும் அன்றைக்கு மட்டும், பராமரிப்புச் செலவு அது கழியும் வரைக்கும். நம் விமானப்படையில் இன்றைக்கு சுகோய்-30, ரஃபேல், மிராஜ்-2000, மிக்-29, ஜாகுவார், தேஜஸ் என்று ஆறு ரகம். ஒவ்வொன்றுக்கும் தனி உதிரி, தனி ஆயுதம், தனிப் பயிற்சி. இதில் எஃப்-35, சுகோய்-57 என்று ஏழாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறீர்கள்.

இனி அடுத்த கோஷ்டிக்கு வருகிறேன். கொடி பிடிப்பவர்களும் கொஞ்சம் காது கொடுங்கள்.

தேஜஸ் திட்டம் தொடங்கியது 1983. முதல் ஸ்குவாட்ரன் அமைந்தது 2016. 33 வருசம். பாகிஸ்தான் சீனாவோடு சேர்ந்து செய்த ஜேஎஃப்-17 முதலில் பறந்தது 2003-ல், தேஜஸுக்குப் பிறகு. அது படையில் சேர்ந்தது 2010-ல், தேஜஸுக்கு ஆறு வருசம் முன்னால். நம்முடையது தொழில்நுட்பத்தில் மேல் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் எளிதாக ஒன்றைச் செய்து, ரஷ்ய என்ஜினை மாட்டி, பறக்கவிட்டு, பிளாக்-1, பிளாக்-2, பிளாக்-3 என்று திருத்திக்கொண்டே போனார்கள். நாம் முதல் விடைத்தாளிலேயே நூற்றுக்கு நூறு எழுத ஆசைப்பட்டு மணி அடித்தும் தாளைக் கொடுக்காத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை போட்டு நம் பொறியாளர்களைத் திருப்பி அனுப்பியது உண்மை. அது சில வருசத்துக்குத்தான் சாக்கு. முப்பது வருசத்துக்கு இல்லை.

2021-ல் 83 விமானத்துக்கு ஒப்பந்தம். 2024-லேயே வரத் தொடங்கியிருக்க வேண்டும். அமெரிக்க ஜி.இ. கம்பெனியின் எஃப்-404 என்ஜினில் முதல் ஒன்று வந்ததே 2025 மார்ச்சில். என்ஜின் இல்லாமல் விமானம் எப்படிப் பறக்கும்? ஆனால் எல்லாப் பழியையும் என்ஜின் மேல் போட முடியாது. 2025 பிப்ரவரியில் பெங்களூர் விமானக் கண்காட்சியில் விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங்கே எச்.ஏ.எல். மேல் தனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னார். மே மாதம், ஒரு திட்டமும் சொன்ன நேரத்தில் முடிந்ததில்லை என்றும் சொன்னார். தளபதியும் தேசத் துரோகியா?

இது முதல் தடவையும் இல்லை. 1961-லேயே நாம் மாருத் என்று ஒரு ஜெட் போர்விமானம் செய்து பறக்கவிட்டோம். ஜெர்மானியர் கர்ட் டாங்க் வடிவமைத்தார், எச்.ஏ.எல். கட்டியது. 147 விமானங்கள். 1971 போரில் ராஜஸ்தான் பக்கம் வேலை செய்தது. ஒலியை மிஞ்சும் வேகத்துக்கு வரைந்த உடம்பு அது. ஆனால் அதற்கேற்ற என்ஜின் கிடைக்கவில்லை. சின்ன ஓர்ஃபியஸ் என்ஜினை வைத்தே கடைசி வரை ஓட்டி 1990-ல் ஓய்வு கொடுத்தோம். அடுத்த உள்நாட்டுப் போர்விமானம் பறக்க 40 வருசம் ஆயிற்று. 1989-ல் காவேரி என்ஜின் திட்டம் தொடங்கினோம். 2008-ல் அது தேஜஸுக்கு ஆகாது என்று பிரித்துவிட்டோம். அறுபது வருசமாக ஒரே கணக்கில் ஒரே இடத்தில் தப்பு விடுகிறோம். அந்த இடத்தின் பெயர் என்ஜின்.

கரிசல்காட்டுப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மானாவாரிக்காரனுக்கு விதை விலையை விடப் பட்டம் பெரிது. புரட்டாசியில் போட வேண்டிய உளுந்தைக் கார்த்திகையில் போட்டுவிட்டு, "விதை சொத்தை" என்று கடைக்காரனோடு சண்டை போட்டால் ஊர் சிரிக்கும். டெல்லியில் நடந்தது அதுதான். 2007-ல் 126 விமானம் வாங்க டெண்டர் விட்டார்கள். 2012-ல் ரஃபேலைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று வருசம் விலை பேசினார்கள். 2015-ல் அது போய், 2016-ல் 36 விமானத்துக்குக் கையெழுத்து. முதல் ஐந்து அம்பாலாவில் இறங்கியது 2020 ஜூலையில். இரண்டு கட்சி ஆட்சிக்கும் இதில் பங்கு உண்டு. அதனால்தான் இரண்டு கட்சிக்காரனும் இதைப் பேச மாட்டான்.

தேஜஸுக்கும் அதே கதை. 2006-ல் 20, 2010-ல் 20, பிறகு 2021 வரைக்கும் ஒன்றும் இல்லை. இருபது விமானத்தை நம்பி எந்தச் சின்னக் கம்பெனி கடன் வாங்கி மெஷின் போடும்? இப்போது 83-ம் 97-ம் சேர்ந்து 180. பெங்களூரில் இரண்டு, நாசிக்கில் ஒன்று என மூன்று தயாரிப்பு வரிசை. வருசம் 24 என்று சொல்கிறார்கள். சொன்னபடி செய்தால் ஏழரை வருசத்தில் பத்து ஸ்குவாட்ரன். குறைவு 13 என்று மேலே பார்த்தோமே, அதில் முக்கால் பங்கு.

"அதுவரைக்கும் சண்டை வந்தால்?" என்பது நியாயமான கேள்வி. அவசரத்துக்கு வெளியே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் ரகத்தையே வாங்குங்கள். ரஃபேலுக்கு அம்பாலாவிலும் ஹாசிமாராவிலும் கொட்டகை, கருவி, பழகிய ஆள் எல்லாம் இருக்கிறது. ஏழாவது ரகம் வேண்டாம். தேஜஸ் ஆர்டரை இடைவெளி இல்லாமல் கொடுங்கள். என்ஜினுக்குத் தனியாக, கைவைக்க முடியாதபடி பணம் ஒதுக்குங்கள். தாமதமானால் யார் பொறுப்பு என்று நாடாளுமன்றத்தில் பெயர் சொல்லுங்கள். துபாய் விசாரணை முடிவில் சொல்லக் கூடியதை மக்களுக்குச் சொல்லுங்கள்.

ஒரு கோடிச் சொச்சம் ஜனம் உள்ள ஸ்வீடன் சொந்தமாக கிரிபென் என்று போர்விமானம் வைத்திருக்கிறது. அதன் முதல் ரகங்களின் என்ஜினுக்கு மூலம் இதே எஃப்-404தான். அவர்கள் அதற்காக வெட்கப்படவில்லை. நெடுஞ்சாலையில் இறங்கி, கட்டாயப் படைச்சேவைக்கு வந்த பையன்களே எரிபொருள், ஆயுதம் நிரப்பி மறுபடி அனுப்பும்படி, குறைந்த செலவில் ஓடும்படி செய்தார்கள். கையில் இருக்கும் பணத்துக்குத் தகுந்த விமானத்தைச் செய்வதும் அறிவுதான்.

"இந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டலாமே சார்" என்று கேட்பவர்களும் என் மாணவர்கள்தான். அந்த ஆசை எனக்கும் உண்டு. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். இந்தப் பணம் ஒரு தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் நாம் கட்டும் வரியிலிருந்தும் போகிறது. பத்து வருசத் தாமதம் என்பது வகுப்பறையிலிருந்து எடுத்த காசைத் தெருவில் போடுவது. பழைய விமானத்தில் ஏறுகிறவன் உயிரும் அதோடு போகிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளும் முப்படையிலும் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மாணவர்களுக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் பிள்ளைகள் எல்லாரும் கம்ப்யூட்டர்தான் படிக்க வேண்டும் என்று எழுதி வைக்கவில்லை. உலோகவியல் என்று ஒரு படிப்பு இருக்கிறது. ஜெட் என்ஜினுக்குள்ளே தகிக்கும் சூட்டில் உருகாமல் சுற்றும் பிளேடு செய்யத் தெரிந்த நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த வரிசையில் நம்மைச் சேர்க்கப்போவது வாட்ஸ்அப்பில் கேலி செய்பவனும் இல்லை, கொடி பிடிப்பவனும் இல்லை. அவன் இப்போது எங்கேயோ ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான்.

மருமகனுக்கு இதில் கோபம் இருந்தால் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நேரில் பேசிக்கொள்வோம். மற்றவர்கள் மாற்றுக் கருத்தைத் தாராளமாக எழுதுங்கள். ஆனால் கணக்கோடு எழுதுங்கள். வழிமுறை இல்லாமல் விடை மட்டும் எழுதினால் அன்றைக்கும் மார்க் போட்டதில்லை, இன்றைக்கும் போட மாட்டேன்.

பகிர விரும்புவோர் பகிரலாம்.