கல்லூரிக்கு வழி சொல்வார் யார்?

ஆண்டுதோறும் மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியாகிறது. அதன்பின் ஒரு மாத காலம் நமது சங்க அலுவலகத் திண்ணையிலே நூல் விலையைப் பற்றியோ தக்காளி விலையைப் பற்றியோ பேச்சு அதிகம் நிகழ்வதில்லை. "பெண் ஐந்நூற்று அறுபது மார்க் வாங்கியிருக்கிறாள், எந்தக் காலேஜில் சேர்க்கலாம் ஐயா?" என்று கேட்டுக்கொண்டு அங்கத்தினர்கள் வருகிறார்கள். தாடிக்கொம்பிலிருந்தும் அகரத்திலிருந்தும் வருகின்ற இவர்களில் பெரும்பாலோர் தாம் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். தறியின் நுட்பமும் மண்ணின் குணமும் அறிந்த இவர்கள், இவ்வொரு விஷயத்தில் மட்டும் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் வழி கேட்கும் நிலையில் இருக்கிறார்கள். இதனைக் குறித்து நமது அபிப்பிராயத்தைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை முதலில் சொல்லவேண்டும். நெசவாளர் ஒருவரின் மகள் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் நல்ல மதிப்பெண் பெற்றாள். கணிதத்திற்கு நூறும் மற்ற இரண்டிற்கும் ஐம்பது ஐம்பதுமாகக் கணக்கிடும் பொறியியல் தரவரிசையில் இருநூற்றுக்கு 182 வந்தது. முடிவு வெளியான மூன்றாம் நாளே ஒரு தரகர் காரில் வந்து இறங்கினார். "இடம் தீர்ந்துவிடும், இன்றே முன்பணம் கட்டிவிடுங்கள்" என்றார். பத்தாயிரம் ரூபாயோடு மதிப்பெண் பட்டியலின் அசலையும் மாற்றுச் சான்றிதழையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அது நிர்வாக ஒதுக்கீட்டு இடம் என்பது பிறகுதான் தெரிந்தது. அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியே சேர்ந்திருந்தால், குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற முறையில் 2010 ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்பட்டு வந்த கல்விக் கட்டணச் சலுகை அவளுக்குக் கிடைத்திருக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வோருக்கு அச்சலுகை இல்லை. சான்றிதழைத் திரும்பக் கேட்கத் தகப்பனார் ஆறு முறை பஸ் ஏறினார். நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளும்படி அக்கல்லூரியில் சொன்னார்கள். அதற்குள் அவளுடைய தரவரிசைக்குரிய கலந்தாய்வுச் சுற்று கடந்துவிட்டது. சேர்க்கைக்காக அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. அதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. நாமும் சொல்லவில்லை. தரகர் வருவதற்கு முதல் நாள் அவர் நம்மிடந்தான் முதலில் வந்தார். "விசாரித்துச் சொல்கிறோம்" என்று கூறி அனுப்பிவிட்டு, கணக்குத் தணிக்கை வேலையில் ஒரு வாரம் மறந்திருந்தோம். வாங்கிய கடனை அவர் இன்றும் அடைத்து வருகிறார்.

இந்தத் தரகரை நமது முன்னோர் நன்கு அறிவார்கள். நூலைத் தானே கொடுத்து, கூலியைத் தானே நிர்ணயித்து, சேலையைத் தானே வாங்கிக்கொண்ட முதலாளியின் மறுபிறப்புத்தான் இவர். சந்தையின் நிலவரத்தை அவர் அறிவார், நெசவாளி அறியான். அவருடைய பலமெல்லாம் அதில்தான் இருந்தது. 1935 இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதும், ஊர்தோறும் நெசவாளர் சங்கங்கள் வேரூன்றியதும் அந்தப் பலத்தை உடைப்பதற்காகவே. சேலைக்குச் செய்ததைப் பிள்ளைகளின் படிப்புக்கும் செய்யவேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது.

பணமுள்ள வீட்டுக்குப் பணம் மட்டுமா துணை? விஷயம் தெரிந்த உறவினர் ஒருவராவது அங்கே இருப்பார். நமது பகுதியின் பெருமைக்குரிய டாக்டர் சௌந்தரம் அம்மையாரை எடுத்துக்கொள்வோம். மதுரை டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகளாகப் பிறந்து, இளமையிலேயே கணவரை இழந்த அவர், டில்லி வரை சென்று லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936 இல் மருத்துவரானார். 1947 இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார். 1962 இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்று மத்திய அரசில் கல்வித் துணை அமைச்சராகவும் விளங்கினார். அவருடைய மனவுறுதியைக் குறைத்துச் சொல்ல நாம் யார்? ஆயினும் டில்லியில் அப்படியொரு கல்லூரி இருக்கிறது என்ற செய்தி எட்டிய வீட்டில் அவர் இருந்தார் என்பதையும் கவனிக்கவேண்டும். அதே ஆற்றல் கொண்ட பெண் அன்று குடகனாற்றங்கரையில் ஒரு தறிக்குழியின் ஓரத்தில் இருந்திருந்தால் அச்செய்தி அவளை எட்டியிராது.

இன்றோ செய்திக்குப் பஞ்சமில்லை. கைப்பேசியைத் திறந்தால் கொட்டுகிறது. அதில் எது தமக்குப் பொருந்தும் என்று பிரித்துக் காட்டுவாரைத்தான் காணோம்.

ஓர் உதாரணம் தருகிறோம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தோருக்கு மருத்துவப் படிப்பில் ஏழரை சதவிகித உள்ஒதுக்கீடு 2020 இல் சட்டமாயிற்று. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது விரிவாக்கப்பட்டது. இது தெரியாமல் நமது அங்கத்தினர்கள் என்ன செய்கிறார்கள்? மகன் பத்தாம் வகுப்பில் பள்ளியின் முதல் மாணவனாக வந்தவுடனே, பெருமை தாங்காமல், தோட்டத்தை ஒத்திக்கு வைத்து, வெளியூரில் விடுதியோடு கூடிய தனியார் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். அந்த இரண்டே ஆண்டுகளால் முந்தைய ஐந்தாண்டுகளின் உரிமையும் அழிந்துபோகிறது. தனியார் பள்ளிக்கு அனுப்பவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. எதை இழக்கிறோம் என்று தெரிந்துகொண்டு அனுப்பவேண்டும் என்கிறோம். அரசு உதவி பெறும் பள்ளிகள் இவ்வொதுக்கீட்டில் சேரா என்பதையும், நமது மாவட்டத்திலுள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் சேரும் என்பதையும் எத்தனை பெற்றோர் அறிவார்கள்?

ஆகவே, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் வேலை பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பின் தொடங்குவதன்று. எட்டாம் வகுப்பிலேயே தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு இருக்கிறது. அதில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் என்பது ஒரு நெசவாளர் வீட்டுக்குச் சிறு தொகையன்று. பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு என்பது அதற்கடுத்த திருப்பம். கணிதத்தை விட்டவன் பொறியியலைப் பெரும்பாலும் விட்டவனாகிறான். உயிரியலை விட்டவனுக்கு மருத்துவம் இல்லை. வணிகப் பிரிவு எடுத்த பிள்ளையைத் தாழ்வாக எண்ணும் வழக்கமொன்று நம்மிடையே உண்டு. அதைப்போன்ற பேதைமை வேறில்லை. பட்டயக் கணக்காளர் தேர்வுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடனே நுழைவு வழி இருக்கிறது, சட்டப் படிப்புக்கும் அவ்வாறே. எந்தப் பாடத்தைச் சொல்லாமலே பிள்ளை எடுத்துப் படிக்கிறது என்பதைத் தாயார் கவனித்திருப்பார். அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிரிவைத் தீர்மானிப்பது உசிதம்.

தயாரிப்பைப் பற்றி ஒன்று மட்டும் கூறுகிறோம். மனப்பாடத்தால் பள்ளித் தேர்வில் உயர்ந்த எண் பெற்ற பிள்ளை, மருத்துவத்திற்கான நீட் போன்ற தேர்விலே திகைக்கிறது. கல்லூரியின் முதலாண்டில் ஆங்கிலத்திலே நடக்கும் பாடத்தின் முன்னும் திகைக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் முதற் பருவத்திலே இரண்டு தாள்களில் தவறி, வீட்டில் சொல்ல நாணி மறுகியதை நாம் கண்டிருக்கிறோம். அறிவில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை, மொழிதான் புதிது. ஒன்பதாம் வகுப்பு முதல் நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஆங்கிலச் செய்தித்தாளை உரக்கப் படித்து, படித்ததைத் தமிழிலே பிறருக்குச் சொல்லிப் பழகினால் இத்துன்பம் பெரிதும் குறையும். கணக்கைத் தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்ப்பதும் நல்லது. தனக்குப் புரிந்ததா இல்லையா என்பது அப்போது வெளிப்பட்டுவிடும்.

இனி, கல்லூரியைப் பார்ப்பது எப்படி? நமது மக்கள் நுழைவாயிலின் வளைவையும் பஸ்களின் எண்ணிக்கையையும் பார்த்து மயங்குகிறார்கள். சேலை வாங்க வந்தவர் மடிப்பின் மேற்புறத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்தால் நாம் சிரிக்கமாட்டோமா? பிரித்து, இழையை விரலால் நெருடி, முந்தானையையும் கரையையும் பார்க்கவேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவர் இருவரை வாயிலுக்கு வெளியே சந்தித்து, பாடம் நடத்துவது யார், ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்களா, முதல் முயற்சியிலே தேறுவோர் எத்தனை பேர், விடுதிக் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு ஏறுகிறது என்று கேட்கவேண்டும். அலுவலகத்தில் கிடைக்கும் வழவழப்பான புத்தகத்தில் இவை இரா.

பெண் பிள்ளைகளைப் பஸ் போகும் தூரத்துக்கு அப்பால் அனுப்பத் தயங்குவோர் பலர். அவர்களோடு நாம் சண்டையிடவில்லை. அருகிலேயே திண்டுக்கல்லில் எம். வி. முத்தையா அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. 1976 இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான காந்திகிராம நிறுவனத்திலோ கூட்டுறவுக்கென்றே ஒரு துறை உண்டு. ஆனால், அருகில் இருப்பது என்ற ஒரே காரணத்துக்காகத் தகுதியுள்ள பெண்ணை விருப்பமில்லாத பாடத்தில் அமர்த்துவது நியாயமன்று. விவசாயிகளின் பிள்ளைகளுக்குப் பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரியும் மதுரையில் 1965 முதல் வேளாண்மைக் கல்லூரியும் உள்ளன. நெசவாளர் பிள்ளைகளுக்குச் சேலத்தில் 1960 இல் தோன்றிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. தறியை விட்டு ஓடத்தான் படிப்பு என்று நினைப்போர் அதன் பெயரைக்கூடக் கேட்டிருப்பதில்லை. சாயமும் நெசவும் விஞ்ஞானமாகக் கற்பிக்கப்படும் இடம் அது. கணிதத்தில் மிகச் சிறந்த பிள்ளைக்குத் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் பாதி இடம் நமது மாநிலத்தாருக்கென்றே ஒதுக்கப்பட்டிருப்பதையும் சொல்லி வைக்கவேண்டும்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் எழுதுவதிலும் ஒரு தவறு திரும்பத் திரும்ப நிகழ்கிறது. "இது நமக்குக் கிடைக்காது" என்று எண்ணி, உண்மையில் விரும்பிய கல்லூரியைக் கீழே எழுதுகிறார்கள், அல்லது எழுதாமலே விடுகிறார்கள். எழுதிய வரிசையிலேதான் இடம் பார்க்கப்படும். மேலே எழுதியது கிடைக்காவிடில் அடுத்ததைப் பார்ப்பார்களேயன்றி, ஆசைப்பட்டதற்காக எவரையும் தண்டிக்கமாட்டார்கள். பட்டியல் நீளமாக இருப்பதிலும் நஷ்டமில்லை.

நமது யோசனை இதுதான். சங்கக் கட்டடத்தின் மேற்கு அறை ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டியே கிடக்கிறது. அங்கே ஒரு பதிவேடு வைத்து, எட்டாம் வகுப்பு முதல் அங்கத்தினர் பிள்ளைகளின் பெயரையும் படிப்பையும் குறித்துக்கொள்வோம். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது முறை வைத்துக்கொண்டு அங்கே உட்காரட்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு ஜனவரியிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கச் செய்யவேண்டும். ஜூன் மாதத்தில் வட்டாட்சியர் அலுவலகத்தின் வாயிலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்குக் காரணம் கூறவேண்டியதில்லை. அசல் சான்றிதழை எவரிடமும் கொடுக்குமுன் அவ்வறைக்கு வந்து கேட்டுவிட்டுப் போவது என்று ஒரு கட்டுப்பாடும் செய்துகொள்ளலாம்.

நிர்வாகக் குழுவிலே ஒருவர், "இது சங்கத்தின் வேலையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 1844 இல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில், நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் கூடி ஒரு கடை திறந்தார்கள். நாம் இன்று கூட்டுறவு என்று சொல்லும் முறைக்கு அவர்களே முன்னோடிகள். மாவும் வெண்ணெயும் விற்ற அதே கடையின் மேல்மாடியில் அவர்கள் படிப்பகமும் நூல்நிலையமும் வைத்தார்கள். லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென்று ஒதுக்கினார்கள். நாம் கேட்பதோ ஓர் அறையும், இரண்டு பெஞ்சும், ஞாயிறு காலையில் மூன்று மணி நேரமும்தான்.

அடுத்த பொதுக்குழுவில் இப்பொருள் விவாதத்துக்கு வருகிறது. பிள்ளைகள் ஏற்கெனவே கல்லூரியில் பயிலும் அங்கத்தினர்கள் அன்று தவறாமல் வந்து, தாம் செய்த தவறுகளையும் சேர்த்துச் சொல்லவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.