தோற்றவருக்கு ஒரு வக்காலத்து

லோரன் பாக்போ சரித்திரப் பேராசிரியர். சோசலிஸ்ட் என்று தம்மைக் கூறிக்கொண்டவர். இது போதும் நம் இடதுசாரி நண்பர் சிலருக்கு! ஐவரி கோஸ்டில் அவர் புரிந்த வாக்குக் களவுக்கு இன்றும் வக்காலத்து வாங்குகின்றனர்.

2010 நவம்பரில் நடந்த இறுதிச் சுற்றில், தேர்தல் ஆணைக்குழுவின் கணக்குப்படி உவத்தாரா பெற்றது 54 சதவீதம். பாக்போவின் சகாவைத் தலைவராகக் கொண்டிருந்த அரசியலமைப்புச் சபையோ, வடபகுதி மக்களின் இலட்சக்கணக்கான வாக்குகளைச் செல்லாதவையாக்கி, தோற்றவருக்கு 51 சதவீதம் வழங்கிற்று. அந்த வடபுலத்துப் பாட்டாளியின் வாக்கு வாக்கல்லவா?

பிரெஞ்சுப் படை தலையிட்டதே என்பர். தலையிட்டது, கண்டிக்கத்தக்கதே. ஆனால் அதன் ஹெலிகொப்டர்கள் குண்டு பொழிந்தது 2011 ஏப்ரலில். அதற்கு முன்பே, மார்ச் 3 இல், அபிஜான் நகரின் அபோபோவில் ஊர்வலம் சென்ற பெண்கள் எழுவர் பாக்போவின் படையினருடைய வேட்டுக்கு இரையாயினர். ஏகாதிபத்தியம் சிந்துவது மட்டுந்தான் இரத்தமோ?

உவத்தாராவின் ஆதரவாளரும் புனிதரல்லர். துவேக்குவேயில் அவர்கள் செய்தது படுகொலை. நெருக்கடி முழுவதிலும் மாண்டோர் சுமார் 3000 பேர். கொக்கோ ஏற்றுமதி முடங்க, விவசாயி விற்கவியலா மூட்டைகளோடு நின்றான்.

2019 இல் ஹேக் நீதிமன்றம் பாக்போவை விடுவித்ததை நண்பர்கள் கொண்டாடுகின்றனர். அங்கு விசாரிக்கப்பட்டவை கொலைக் குற்றச்சாட்டுகள், வாக்கெண்ணிக்கையன்று.