சுவரொட்டியில் ஒரு சுமைகாரர்

இந்த இதழுக்குள் ஒரு சுவரொட்டியை மடித்து வைத்திருக்கிறோம். அடியில் பெரிய எழுத்தில் 'செண்பகத்தோப்பு', திருவில்லிபுத்தூர் மலையடிவாரத்துக் காட்டின் பெயர். மேலே ஊதா மலை, நடுவில் மீன்வெட்டிப் பாறை அருவி, ஓரத்துக் கிளையில் உடம்பளவு வாலைத் தொங்கவிட்ட நரை அணில். 1930களில் ரயில்வே கம்பெனிகள் ஒட்டிய பயண விளம்பரங்களின் சாயலில் வரைந்தது. ஆனால் முன்புறத்தில் மூட்டை சுமந்து ஒருவர் ஏறிக்கொண்டிருக்கிறார். அவர் அங்கே நிற்கலாமா என்பதில்தான் ஆசிரியர் குழுவில் சண்டை.

அவர் வந்தது 'மேற்குத் தொடர்ச்சி மலை'யிலிருந்து. லெனின் பாரதி இயக்கி 2018இல் வெளியான அந்தப் படம் எங்களுக்கு இன்னும் அலுக்கவில்லை. தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவை எந்த இடத்தில் நிறுத்தினாலும் சுவரொட்டியாகிவிடும். சிக்கலும் அதுதான். ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்கு மலை என்பது காட்சியல்ல, கூலி. துண்டு நிலம் வாங்குவது அவருடைய ஆசை. வாங்கியும் விடுகிறார், கடன் அதை விழுங்குகிறது. கடைசியில் அதே நிலத்தில் காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறார். இப்படியொரு படத்தை வைத்து "மலைக்கு வாங்க" என்று விளம்பரம் போட்டால் அது கேலிக்கூத்து ஆகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி.

பழைய பயணச் சுவரொட்டியின் அழகு சிக்கனத்தில் பிறந்தது. லித்தோ அச்சில் நிறத்துக்கு ஒரு கல். கல் கூடினால் செலவு கூடும். அதனால் மலையின் நிழல் பக்கம் முழுக்க ஒரே ஊதா, வானம் ஒரே மஞ்சள், முன்னால் கருத்த மரம். ஆல்ப்ஸ் மலைகளுக்கு ஆள் அழைத்த பிரெஞ்சு ஓவியர் ரோஜர் ப்ரோடர்ஸ் இதில் பெரிய கை. சில்லறை விவரங்களைக் கழித்துக் கழித்து வரைவார்கள். அப்படிக் கழிக்கும்போது அந்த ஊர்க்காரனும் சேர்ந்து கழிந்துபோவான், அல்லது அலங்காரத்துக்கு மூலையில் நிற்பான். அமெரிக்காவில் வேலையில்லாத கலைஞர்களுக்கு அரசே கூலி கொடுத்த திட்டத்தில், 1938க்கும் 1941க்கும் இடையே தேசியப் பூங்காக்களுக்கு 14 சுவரொட்டிகள் அச்சாயின. இன்று காடு, சரணாலயம் என்று யார் சுவரொட்டி வரைந்தாலும் அவற்றைத்தான் பார்த்து வரைகிறார்கள். அந்த 14இல் யோசெமிட்டியும் ஒன்று. அங்கே காலங்காலமாகக் குடியிருந்து துரத்தப்பட்ட அவானீச்சி மக்களைத் தேடி அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் குறைவு.

நம் வட்டாரத்துக்கு வேறொரு பரம்பரை உண்டு. கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு நாடகத்துக்குச் சீன் எழுதியவர். அந்தக் கை பிறகு காலண்டருக்கு வந்து, சிவகாசியில் அச்சாகி, வீட்டுக்கு வீடு மாட்டப்பட்டது. நாடகக் கம்பெனிகளில் தர்பார் சீன், தெரு சீன் மாதிரி காட்டு சீன் ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். முருகன் பின்னாலும் கண்ணன் பின்னாலும் அந்த மலையும் அருவியும்தான். எங்கள் ஓவியர் மலைக்கு எடுத்துக்கொண்டது ப்ரோடர்ஸின் ஊதாவை. அருவி மட்டும் அசல் காலண்டர் அருவி. அந்தக் கலப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. கோபுரம் வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டோம். தமிழக அரசு முத்திரையில் இருப்பது திருவில்லிபுத்தூர்க் கோபுரமா மதுரைக் கோபுரமா என்ற வழக்கு தனியாக நடக்கட்டும்.

இனி சுமைகாரர். செண்பகத்தோப்பு ஆளில்லாத காடு அல்ல. நரை அணிலுக்காக 1988இல் சரணாலயமானது. 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. ஆனால் அந்த அணில் அடிவாரத்து மாந்தோப்பிலும் புளியமரத்திலும் கூடத்தான் புழங்குகிறது. அந்த மாமரங்களை நட்டதும் காத்ததும் ஆட்கள்தான். காட்டுக்குள் காட்டழகர் கோயில் இருக்கிறது. பளியர் குடியிருப்பு இருக்கிறது, தேன் எடுக்கிறார்கள். பளியர் ஒருவரையே வரையலாமே என்ற யோசனையும் வந்தது. நான்தான் மறுத்தேன்: தேன் டின்னோடு அவரை நிறுத்தினால், பழைய சுவரொட்டிகளின் மூலையில் நிற்கும் அந்த அலங்கார ஆள் மறுபடி வந்துவிடுவார். ஏலக்காயும் தேனிப் பக்கத்துச் சரக்கு, நம் அடிவாரத்துக்கு உரியதல்ல. ஆகவே மூட்டைக்குள் என்ன என்று சுவரொட்டி சொல்லவில்லை. நமக்கு முதுகு காட்டி ஏறுகிறார். வழக்கமாக மலையின் உயரம் தெரிவதற்காக ஆளைக் குண்டூசித் தலை அளவுக்கு வைப்பார்கள். இதில் அவர் தாளின் மூன்றில் ஒரு பங்கு.

'வருக' என்ற சொல்லையும் எடுத்துவிட்டோம். சனி ஞாயிறுகளில் அந்தப் பாதை தாங்குகிற கூட்டத்துக்கு நம் அழைப்பு வேறு எதற்கு? ரயில்வே கம்பெனியின் பெயர் வரவேண்டிய கீழ் விளிம்பு வெறுமையாக இருக்கிறது.

கடைசிச் சண்டை நிறத்தைப் பற்றியது. ஐந்து தனி நிறம், அதற்கு மேல் கூடாது என்பது பேச்சு. ஆள் மலையின் ஊதாவிலேயே கரைந்து நின்றார். தலையில் சுருட்டிய சும்மாட்டுத் துண்டு மட்டுமாவது சிவப்பாக இருக்கட்டும் என்றார் முன்பு கேள்வி கேட்ட அதே நண்பர். அந்தத் திரைப்படத்தில் வரும் கம்யூனிஸ்ட் தோழர் சாக்கோவை மனதில் வைத்துத்தான் சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு துண்டுக்காக ஆறாவது பிளேட் போட்டோம். அச்சகத்தில் பாக்கி ஏறியிருக்கிறது. இதழின் விலையை இந்த முறை ஏற்றவில்லை.