நிலையத்திலிருந்து விடுதி வரை

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நம் மாணவியர் பலர் வெளியூருக்கு ரயிலேற வேண்டியிருக்கிறது. கல்லூரியில் சேர, நுழைவுத் தேர்வு எழுத, நேர்முகத் தேர்வுக்குச் செல்ல என்று காரணங்கள் பல. அப்போது வீட்டில் எழும் முதற் கேள்வி, "அங்கே ஸ்டேஷனுக்கு யார் வருவார்கள்?" என்பதே. அழைத்துச் செல்ல ஆளில்லை என்றால் சில வீடுகளில் பயணமே நின்றுவிடுகிறது. மதிப்பெண் இருந்தும், நிலையத்துக்கும் விடுதிக்கும் இடையிலுள்ள இரண்டு மூன்று கிலோமீட்டருக்காக ஒரு பெண்ணின் படிப்பு உள்ளூரோடு முடிவது நியாயமா?

பெற்றோரின் அச்சத்தில் பொருளில்லை என்று சொல்ல மாட்டேன். சேலத்திலிருந்து இரவில் செல்லும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடியுமுன்னே சென்னை சென்ட்ரலை அடைந்துவிடும். விருத்தாசலம் வழியாகச் செல்லும் சேலம் எக்ஸ்பிரஸோ எழும்பூருக்குப் போகிறது. இது தெரியாவிட்டால் அழைக்க வந்தவர் ஒரு நிலையத்திலும், வந்த பெண் மற்றொன்றிலும் நிற்க நேரும். தனியே செல்லும் பெண்களுக்காக ரயில்வே பாதுகாப்புப் படை 2020-இல் 'மேரி சஹேலி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டந்தான், ஆனால் அது ரயில் பயணத்துக்கான காவல். நிலைய வாயிலைத் தாண்டிய பிறகு என்ன செய்வது?

இதே கேள்வி நூறாண்டுகளுக்கு முன் ஜெர்மனியிலும் எழுந்தது. வேலை தேடிக் கிராமங்களிலிருந்து பெர்லினுக்கு வந்த இளம்பெண்களை ஏமாற்றி அழைத்துச் செல்லத் தீயோர் நிலையத்திலேயே காத்திருந்தனர். அப்பெண்களைக் காக்க 1894-இல் அங்கே 'ரயில் நிலைய மிஷன்' தோன்றியது. 1897-இல் மியூனிக் நகரில் கத்தோலிக்க மிஷனைத் தொடங்கியவர் எல்லன் அம்மான் என்ற பெண்மணி. அவரும் சுவீடன் நாட்டிலிருந்து மணமாகி அந்நகருக்கு வந்தவர்தாம். இன்றும் ஏறக்குறைய நூறு ஜெர்மானிய நிலையங்களில் இப்பணி நடைபெறுகிறது. "பெண்களே, ஊரை விட்டு வராதீர்கள்" என்று அவர்கள் சொல்லவில்லை. வருகிறவளுக்கு முன்பாக நிலையத்தில் போய் நின்றார்கள். நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே.

நம் பள்ளியும் இதைச் சிறிய அளவில் செய்யலாம். சென்னையிலும் பெங்களூரிலும் கோவையிலும் நம் பழைய மாணவியர் இருக்கின்றனர். விருப்பமுள்ளவர்களின் பெயர்களைப் பள்ளி அலுவலகத்தில் ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தால், புதிதாகச் செல்லும் தங்கைக்கு நிலையத்தில் ஓர் அக்காள் கிடைப்பாள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். நாமக்கல் லாரியும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியும் போகாத மாநிலம் எது? மொழி தெரியாத ஊரில் யாரிடம் வழி கேட்பது, எங்கே தங்குவது என்பதெல்லாம் நம் தந்தையர் பலருக்கு அத்துப்படி. அந்த அறிவை மகனுக்கு மட்டும் ஏன் சொல்லித் தர வேண்டும்? ஒரு நாள் மகளைச் சூரமங்கலம் ஜங்ஷனிலிருந்து பழைய பஸ் நிலையம் வரை தானே வழி கேட்டுப் போகச் சொல்லுங்கள். நீங்கள் பின்னாலேயே செல்லுங்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

"கைப்பேசியில் வரைபடம் இருக்கிறதே" என்று சிலர் கூறலாம். அது வழியைக் காட்டும். இருட்டில் அவ்வழியே போகலாமா என்பதைச் சொல்லாது. ஆகவே, மாணவியரே, விடுதியின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்தின் எந்த வாயிலில் வெளியேறுவது என்பதை முன்பே கேட்டறியுங்கள். விடியுமுன் இறங்கினால் மகளிர் காத்திருப்பு அறையில் பொறுத்திருங்கள். சென்ட்ரல், எழும்பூர் இரண்டிலும் மெட்ரோ ரயில் உண்டு. ஆட்டோவில் ஏறுமுன் அதன் எண்ணை வீட்டுக்குத் தெரிவியுங்கள். ரயில்வே உதவிக்கு 139, மகளிர் உதவிக்கு 181 என்பதை மனப்பாடம் செய்யுங்கள்.

ஆண்டுதோறும் பள்ளியிறுதி வகுப்பினருக்குப் பிரிவுபசார விழா நடத்துகிறோம். அந்நாளில் இனிப்போடு இந்தப் பயிற்சியையும் சேர்த்துத் தந்தால், நாம் வழியனுப்பும் பெண்கள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவார்கள்.