முதல் கருவி கடைமடைக்கே!



உங்கள் ஊர்ப் பக்கம் நெல் வயல் இருந்தால், ஒரு நாள் காலையில் வரப்பின்மேல் நின்று பாருங்கள். வயல் நிறையத் தண்ணீர் நிற்கும். நெல்லுக்கு எந்நேரமும் இப்படித் தண்ணீர் நிற்க வேண்டும் என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது சரியன்று. நெல், தேங்கிய நீரைத் தாங்கிக்கொள்ளும் பயிர். எப்போதும் தேங்கிய நீர்தான் வேண்டும் என்று கேட்கும் பயிர் அன்று. நீரைத் தேக்குவதால் கிடைக்கும் பெரிய நன்மை, களை அடங்குவதுதான்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? ஒரு கிலோ நெல் விளைய, மழைநீரும் பாசன நீருமாகச் சராசரியாக 2,500 லிட்டர் வயலுக்கு வருகிறது என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் மதிப்பிட்டிருக்கிறார்கள். மேலும், நீர் மூடிய சேற்றில் காற்று புகாது. ஆக்சிஜன் இல்லாத அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது.

மாற்று வழி உண்டா? உண்டு. நம் உழவர்கள் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று சொல்வார்களே, அதுதான். வயலைச் சற்றுக் காயவிட்டு, பிறகு நீர் பாய்ச்ச வேண்டும். ஆனால் எவ்வளவு காயவிடலாம்? அளவுக்கு மீறிக் காய்ந்தால் விளைச்சல் குறையும். மேலே பார்த்தால் காய்ந்தது போலத் தோன்றும் வயலில், ஒரு சாண் ஆழத்தில் நீர் இருக்கக்கூடும். கண்ணால் அதை அறிய முடியாது.

அதற்கென்று ஓர் எளிய உபாயம் இருக்கிறது. சுமார் 30 செ.மீ. நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்து, அதன் கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளை போடுங்கள். துளையுள்ள பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் பதித்து, உள்ளே உள்ள சேற்றை எடுத்துவிடுங்கள். மண்ணுக்குள் நீர் எந்த மட்டத்தில் இருக்கிறதோ, குழாய்க்குள்ளும் அதே மட்டத்தில் நிற்கும். நீர்மட்டம் தரையிலிருந்து 15 செ.மீ. கீழே இறங்கும் வரை பயிருக்குக் கேடில்லை. இறங்கியதும் தரைக்கு மேல் 5 செ.மீ. நிற்கும்படி நீர் பாய்ச்சலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது. இம்முறையால் பாசன நீரில் 30 சதவீதம் வரை மிச்சமாகும். மீத்தேனும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும்.

இங்கேதான் உணர்கருவி வருகிறது. தினமும் வயலுக்குப் போய்க் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக, குழாயின் வாயில் ஒரு மீயொலிக் கருவியைப் பொருத்துகிறார்கள். அது கீழ்நோக்கி ஒலியை அனுப்பி, நீரில் பட்டுத் திரும்பும் எதிரொலிக்காகக் காத்திருக்கும். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். நீர் 30 செ.மீ. கீழே இருந்தால் எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமாகும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு விநாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு! அந்த நேரத்தைத் தூரமாக மாற்றி, சிறிய ரேடியோ வழியாகச் சில கிலோமீட்டர் தொலைவுக்கும் கருவி செய்தி அனுப்பிவிடும். சின்ன பாட்டரி போதும்.

“அப்படியானால் ஆளுக்கொரு கருவி வாங்கி வயலில் வைத்துவிடலாமே!” என்று நீங்கள் சொல்லலாம். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஆழ்துளைக் கிணறு வைத்திருக்கும் உழவருக்குக் கருவி பயன்படும். வீட்டிலிருந்தே செல்பேசியால் மோட்டாரை இயக்கும் வசதியும் பல ஊர்களில் வந்துவிட்டது. ஆனால் வாய்க்கால் பாசனத்தில் நிலைமை வேறு. ‘நீர் தேவை’ என்று கருவி இன்று சொன்னாலும், வாய்க்காலில் நீர் வருவது அடுத்த வாரமாக இருக்கலாம். ‘நீர் வேண்டாம்’ என்று சொன்னாலோ, மேல்வயல்காரர் விடும் நீர் உங்கள் வயல் வழியாகத்தான் கீழ்வயலுக்குப் போக வேண்டியிருக்கும். தலைமடையில் இருப்பவர் ஏன் தேவைக்கு மேல் தேக்குகிறார்? பேராசையால் மட்டும் அல்ல. அடுத்த முறை எப்போது வரும் என்பது அவருக்குத் தெரியாது. அந்த அச்சத்தின் பலனைக் கடைமடைக்காரர் அனுபவிக்கிறார். தலைமடையில் நீர் தளும்பும்போது கடைமடையில் மண் வெடித்துக் கிடக்கும்.

ஆகவே, தனி வயலின் அளவு மட்டும் தெரிந்தால் போதாது. மொத்த ஆயக்கட்டின் அளவும் எல்லாருக்கும் தெரிய வேண்டும். நம் ஏரிப் பாசனத்தில் இந்த வேலையைச் செய்தவர் நீர்கட்டி. மடை மடையாக நடந்து, எந்த வயல் காய்ந்திருக்கிறது என்று பார்த்து, முறை வைத்து நீர் விடுவது அவர் பொறுப்பு. ஒருவருடைய வயல் நிலையை மற்றவருடைய மடையோடு அவர் இணைத்தார். இணைப்பு என்பது அதுதான்! வயலை உரிமையாளரின் செல்பேசியோடு மட்டும் இணைப்பது பாதி இணைப்பே.

நான் சொல்வது இது: கருவிகள் பத்தே இருந்தாலும், அவற்றை ஊர்ப் பொதுவில் வையுங்கள். முதல் கருவி கடைமடைக்குப் போகட்டும். தினசரி அளவை மடையருகே ஒரு பலகையில் எழுதுங்கள். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டி, ஈரத்தின் அளவை நிற விளக்குகளால் காட்டுகிறது. அதுபோல எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் குறி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்கத் தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்திருக்கிறது. அச்சங்கங்களின் கையில் இந்த அளவுகள் இருக்கட்டும்.

கருவி பொய் சொல்லாதா? சொல்லும். துளை அடைத்துக்கொண்டால் பழைய மட்டத்தையே காட்டும். வலைப் பூச்சி கூடு கட்டினால் எதிரொலி தவறும். ஆகவே, வாரம் ஒரு முறை குழாயில் குச்சி விட்டு அளந்து சரிபார்க்க வேண்டும். அந்த வேலைக்கு உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

விளைச்சல் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். இம்முறையில் விளைச்சல் பெரும்பாலும் அதே அளவில்தான் இருக்கும். செலவாகும் நீர்தான் குறையும். அந்த மிச்ச நீர் கடைமடையில் இன்னொரு வயலை விளைவிக்குமானால், அதுவே உண்மையான உற்பத்திப் பெருக்கம்.

ஒரு குழாயும் ஓர் அளவுகோலும் கிடைத்தால் இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள். தலைமடையில் ஒன்று, கடைமடையில் ஒன்று. இரண்டு அளவையும் ஒரு மாதம் எழுதி, ஊர்ப் பெரியவர்களிடம் காட்டுங்கள். கருவி வருவதற்கு முன்பே பேச்சு தொடங்கிவிடும்.