பரிந்துரையும் பொறுப்பும்

திருப்பதிக்கு அருகிலுள்ள திருக்காளத்தி, கலம்காரி ஓவியத்திற்குப் பெயர்பெற்ற ஊர். கடுக்காயும் பாலும் சேர்ந்த கரைசலில் துணியை நனைத்து உலர்த்தி, மூங்கில் எழுதுகோலால் கையாலேயே வரைவர். இரும்புத் துண்டுகளும் வெல்லமும் நீரில் பல நாள் ஊறிக் கருநிறம் தரும்.

இன்று சமூக ஊடகம் இக்கலையைத் தொலைவிலுள்ளோரிடமும் கொண்டு சேர்க்கிறது. ஒருவர் பொருளைப் புகழ்ந்து, விற்பனைப் பக்கத்தின் இணைப்பைத் தம் பதிவில் இடுகிறார். அதன்வழி யாரேனும் வாங்கினால் அவருக்குத் தரகு கிடைக்கிறது. விளம்பரத்திற்குப் பெரும்பொருள் செலவிட இயலாத சிறு தொழிலுக்கு இது நல்ல வழியே.

ஆயினும், தரகை விரும்பி, இயந்திரத்தில் அச்சிட்ட துணியையும் 'கையால் வரைந்தது' என்று புகழ்ந்தால் வாங்குபவர் ஏமாறுவார். வரைந்தவரின் பிழைப்பும் கெடும். பல நாள் உழைப்பின் விலை, நொடியில் அச்சாகும் துணியின் விலையோடு போட்டியிட இயலாது.

பரிந்துரைக்காகப் பயன் பெறுவோர் அதனை வெளிப்படையாகக் கூற வேண்டும் என இந்திய அரசு 2023இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தரகு உண்டு எனத் தெரிந்தால், மக்கள் புகழுரையை ஆராய்ந்தே ஏற்பர். அறியாத பொருளைப் புகழாமையும், பெறும் தரகை மறையாமையும் இணைய வணிகத்தின் முதல் அறங்களாகும்.